ஆறிலிருந்து ஏழு வரை

ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. காலையில் வழக்கம்போல் லேக்கைச் சுற்றி சைக்கிள் ஓட்டினேன். நல்ல பனி. எதிரே நடந்து வந்தவர்கள் எல்லாரும் குரங்குக் குல்லா போட்டிருந்தார்கள். யார் எவரென்று தெரியாததால் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். இட்லி சாப்பிட்டேன். பிறகு அணியின் மின்னஞ்சல்களைத் திறந்தேன். நான் எதிர்பார்த்திருந்த பதில் வந்திருந்தது.

எங்களுடையது சிறிய பெண்கள் சைக்கிள் அணி. பல சாலைகளில் சைக்கிளே போகக் கூடாத நகரத்தில் அதை நடத்துகிறேன். எங்கள் பெண்களில் ஒருத்தி மட்டும் ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருக்கிறாள். தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பாள் என்பதை அவள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் சோதனையாளர்கள் சொல்லாமல் வந்து சிறுநீர் வாங்கிப் போவார்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை ஆள் இல்லையென்றால், மருந்து எடுத்துப் பிடிபட்டவளைப் போலவே தடை விதிப்பார்கள். அவள் கொடுத்திருந்த நேரம் காலை ஆறிலிருந்து ஏழு வரை.

முதல் முறை தவறியது அவளால்தான். ஊருக்குப் போனவள் விலாசத்தை மாற்றவில்லை. இரண்டாம் முறை அவள் வீட்டில்தான் இருந்தாள். இரண்டாவது மாடியில் பயிற்சி ரோலர்மேல் சைக்கிளை வைத்து மிதித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களிடம், அப்படி யாரும் இங்கே இல்லை என்று கீழ்வீட்டு அம்மாள், நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுபவர், சொல்லிவிட்டார். நடந்ததை அப்படியே சோதனை அமைப்புக்கு எழுதி அனுப்பியிருந்தோம். வந்த பதில்: தன்னைக் கண்டுபிடிக்க முடிவதை உறுதிசெய்வது வீராங்கனையின் பொறுப்பு. ஊக்கமருந்துக்கு எதிராகப் பேசும் முன்னாள் சைக்கிள் வீரன் நான்; இதே வாக்கியத்தைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

மதியம் அந்தப் பெண் வந்தாள். எங்கள் பேச்சு வங்காள மொழியில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"ஸார், நீங்க ஒரு தடவ எழுதுங்களேன். நீங்க எழுதினா கேப்பாங்க."

"நான் எழுதினா கேக்கக் கூடாது. அதுக்குத்தான் இத்தன வருஷமாப் பேசிட்டிருக்கேன்."

"அப்ப மூணாவது தடவயும் இப்படியே ஆச்சுன்னா?"

"சைக்கிள வித்துடலாம்."

அவள் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்: "சோதனை பண்றவங்ககிட்ட என்ன பேசி என்ன. கதவு தொறக்கிறவங்ககிட்டப் பேசினீங்களா?"

பேசவில்லை. பெண்கள் தங்கியிருக்கும் கட்டடம் எங்களுக்கு அடுத்தது. மடக்கு இரும்பு கேட்டின் சாவி மாஷிமாவிடம் இருக்கிறது. கேட்டில் உள்ள மணியை அழுத்தினால் அவர் வீட்டில் மட்டுமே அடிக்கும். மாடிக்கு ஒரு மணி வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். சரஸ்வதி பூஜை முடியட்டும் என்றார்; இங்கே அது தையில் வரும்.

மாலையில் வெல்லப்பாகு சந்தேஷ் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மாஷிமாவைப் பார்க்கப் போனேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன வேணும், பாபா?" என்றார். எல்லா ஆண்களையும் பாபா என்றுதான் கூப்பிடுவார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. கையில பை. விடியக்காலைல வந்து பொண்ணோட முழுப் பேரச் சொல்லிக் கேக்கறாங்க. எதுக்குன்னா சொல்ல மாட்டேங்கறாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க, இல்லன்னா போலீஸ். ரெண்டுக்கும் ஒரே பதில்தான்."

"சிலிகுரியில மாமா வீட்டுக்குப் போயிருக்கான்னும் சொன்னீங்களாம்."

"சும்மா இல்லன்னா நம்புவாங்களா?"

"அவளுக்கு அங்க மாமா இருக்காரா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

மூன்றாம் முறையும் ஆள் இல்லை என்றால் அந்தப் பெண்ணால் போட்டிகளில் ஓட்டவே முடியாது என்றேன். அவர் ஒரு சந்தேஷைப் பாதியாக்கி, பாதியை எனக்குக் கொடுத்தார்.

"உன்கிட்டயும் இப்படி வந்து கேட்டாங்களா?"

"ஓட்டின காலம் முழுக்க."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அப்புறம் ஏன் உன் பேரு பேப்பர்ல வரல?"

"அதுல மருந்து ஒண்ணும் இல்ல, மாஷிமா. அதனாலதான் வரல."

"மெடலாவது குடுத்தாங்களா?"

ஒன்று கொடுத்தார்கள். ஒரு போட்டியில் நான் நான்காவதாக வந்தேன். எனக்கு முன்னால் வந்தவர்களில் ஒருவர் மருந்தில் பிடிபட்டதால் மூன்றாவதானேன். அந்தப் பதக்கத்தை வெகுநாள் கழித்து அலிப்பூரில் ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். டீயும் கொடுத்தார்கள். மாஷிமாவிடம் இதைச் சொன்னேன். டீயில் சர்க்கரை போட்டிருந்ததா என்று கேட்டார்.

"அவளையே காலைல கேட் பக்கத்துல உக்காரச் சொல்றேன்," என்றேன்.

"கல்யாண வயசுப் பொண்ணு விடியறதுக்குள்ள தெருவுல உக்காந்தா அக்கம்பக்கம் என்ன பேசும்? பேசாம இரு. நான் பாத்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்கத் துணியவில்லை. சென்ற முறையும் அவர் பார்த்துக்கொண்டதுதான்.

மறுநாள் லேக்குக்குப் போகவில்லை. குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாக அடுத்த கட்டடத்துக்குப் போனேன். கேட் முழுதாகத் திறந்திருந்தது. மாஷிமா சால்வையைச் சுற்றிக்கொண்டு பிரம்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "ரெண்டாவது மாடி, வலது பக்கம்," என்றார். "பொண்ணு இருக்கா. எங்கயும் போகல. செருப்பக் கழட்டிட்டுப் போங்க."

கழற்றிவிட்டு மேலே போனேன். கதவைத் தட்டியவுடன் திறந்தது. அவள் கையில் தண்ணீர் பாட்டில்.

"வந்துட்டாங்களா ஸார்?"

"இல்ல, நான்தான். வழி இருக்கான்னு பாக்க வந்தேன்."

"இருக்கு. பால்காரர் வந்தாரு. பேப்பர்காரர் வந்தாரு. பூக்காரம்மாவும் வந்துட்டுப் போனாங்க. மாஷிமா எதுக்கு மேல அனுப்பினாங்கன்னு அவங்க யாருக்கும் தெரியல."

"நல்லது," என்றேன்.