சாவி போட்ட காசு

எங்கள் ஊர் நாணயச் சங்கத்தில் நான் ஒருத்திதான் பெண். வருஷா வருஷம் கல்யாண மண்டபத்தில் கண்காட்சி நடக்கும். ஆளுக்கொரு டேபிளில் ஆண்கள் காசுகளைப் பரப்பிவைத்து மீசையை முறுக்குவார்கள். நான் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருப்பேன். போன வருஷம் பொறுத்தது போதும் என்று எனக்கும் ஒரு டேபிள் கேட்டேன்.

செயலாளர் அண்ணாச்சி என்னுடைய ஐந்து செப்புக்காசுகளையும் புரட்டிப் பார்த்தார். பாத்திரக்கடையில் பழைய செம்புக் குவியலுக்குள் கைவிட்டு நான் பொறுக்கியவை அவை. ஒரு பக்கம் குறுக்காக இரண்டு சாவிகள், மேலே மூன்றடுக்குக் கிரீடம். மறுபக்கம் இலை வளையத்துக்குள் புரியாத எழுத்து.

“நாடு பேரு எங்கன இருக்கு? ஒவ்வொரு காசுக்கும் நாடு எழுதி அட்டை வைக்கணும்லா. இது திண்டுக்கல் பூட்டுக் கம்பெனி டோக்கன்மா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

செல்போனில் சாவி, கிரீடம் என்று தேடினால் பூட்டு விற்கத்தான் வந்தார்கள். கண்காட்சிக்கு இரண்டே நாள் இருந்தது. விற்பதற்கான சேலைக் கட்டுகளோடு தென்காசி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்; காசுகள் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தன. வழியில் ஒரு மாதா கோவிலில் திருவிழா. ரோட்டோரம் வரிசையாக மஞ்சளும் வெள்ளையுமாகக் கொடிகள். கொடியின் வெள்ளையில் அதே இரண்டு சாவி, அதே மூன்றடுக்குக் கிரீடம்!

“இறக்கி விடுங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். கண்டக்டர் திட்டியது காதில் ஏறவே இல்லை.

கோவில் சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் நீட்டிய காசின் ஓரத்தில் சாவிகளைச் சுற்றியிருந்த லத்தீன் எழுத்தைப் படித்தார். அவர் முகமே மாறிவிட்டது.

“அம்மா, இது பாப்பரசர், அதான் போப்பாண்டவர், அடிச்ச காசு. ரோமாபுரியும் சுத்துவட்டாரமும் ஒரு காலத்துல அவர் ஆட்சியிலதான் இருந்துச்சு. நாட்டுப் பேரு போடல, பாப்பரசர் பேருதான் போட்டிருக்கு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. சேலைக் கட்டுகளை பஸ்ஸிலேயே விட்டுவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனால் போகட்டும் என்றிருந்தது.

கண்காட்சியன்று என் டேபிளில் ஐந்து காசு, ஐந்து அட்டை. ஒவ்வொன்றிலும் ‘பாப்பரசர் ஆண்ட நாடு, இத்தாலி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். கடையநல்லூரிலிருந்து வந்தவர்கள்கூட மற்ற டேபிள்களை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். தொண்டை கட்டும்வரை சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக நான் பேசியதே கிடையாது.

கூட்டம் கலைந்த பிறகு செயலாளர் அண்ணாச்சி மெதுவாக வந்தார். இடுப்பிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். சாவிகளுக்கு நடுவே ஒரு செப்புக்காசு கோத்திருந்தது. அதே கிரீடம், அதே சாவிகள். பூட்டுக் கம்பெனி டோக்கன்தானே என்று அவரே ஓட்டை போட்டு வளையத்தில் மாட்டியிருக்கிறார்.

“இதுக்கும் ஒரு அட்டை எழுதித் தாங்கம்மா” என்றார்.

நான் அதை முன்னும் பின்னும் நிதானமாகத் திருப்பிப் பார்த்தேன்.

“நாடு பேரு எங்கன இருக்கு, அண்ணாச்சி?”