பஸ் வருவதற்குள்

எங்கள் குடித்தனத்தில் பாதி, ஓசூரின் ஒரு பஸ் நிறுத்தத்தில்தான் நடந்தது. எனக்குக் காலை ஷிப்ட், வீட்டுக்காரருக்கு மதிய ஷிப்ட். கம்பெனியும் வேறு வேறு. மூன்று வயது மகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் நாங்களே இப்படிக் கேட்டு வாங்கியிருந்தோம். என் கம்பெனி பஸ் என்னை இறக்கிவிட்ட சற்று நேரத்தில் அவருடைய பஸ் வந்துவிடும். அதற்குள் பிள்ளை, சாவி, வீட்டுச் செய்தி எல்லாம் கைமாற வேண்டும்.

நான் ராயக்கோட்டைக்காரி, தக்காளி மண்டி சத்தத்தில் வளர்ந்தவள். உண்டா இல்லையா, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பேச்சு. அவர் திருநெல்வேலிப் பக்கம். கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட விடிந்ததிலிருந்து ஆரம்பிப்பார்.

"கடைசியில இருந்து சொல்லுங்க" என்று பல்லைக் கடிப்பேன்.

"அப்பிடிச் சொன்னா உனக்கு என்ன வெளங்கும்?" என்பார்.

ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்து ஒருமுறை கொடுத்தால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் மறுமுறை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலையில் எனக்குக் கை ஓடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேட்டேன்.

"மருந்து குடுத்தீங்களா?"

"காலையில எந்திச்சவ மொகமே சரியில்ல, கேட்டியா. இட்லியப் பிட்டு வச்சேன், வேண்டாம்னுட்டா. சரின்னு பாலக் காய்ச்சி..."

"குடுத்தீங்களா இல்லியா?"

"அதத்தான சொல்ல வாரேன்."

அவருடைய பஸ் வந்து ஹாரன் அடித்தது. பிள்ளையை என் தோளில் போட்டுவிட்டுப் பால் பொங்கிய கதையோடு படியேறினார். கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் வாய் மட்டும் அசைந்துகொண்டே போனது.

பிள்ளையின் கழுத்து கொதித்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்து பூட்டைத் திறந்தால், அவருடைய போன் தலையணை மேல் கிடந்து அலறுகிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் எவ்வளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மருந்து ஊற்றும் மூடியோ பளிச்சென்று கழுவியிருந்தது. அவர் தொடாத பாத்திரத்தையும் கழுவிவைக்கிற ஆள்.

"மருந்து குடிச்சியா கண்ணு?"

"ம்."

"குடிக்கலியா?"

"ம்."

ஈரத் துணியால் உடம்பைத் துடைத்தேன். கொடுத்திருந்து மறுபடி கொடுத்துவிட்டால்? கொடுக்காமல் இருந்து நானும் சும்மா இருந்தால்? பாட்டிலைத் திறந்தேன், மூடினேன், ஜன்னலுக்குப் போனேன், திரும்பினேன். அவருடைய கம்பெனி வாசல் செக்யூரிட்டிக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிடச் சொல்லலாமென்றால், பஸ் போய்ச் சேரவே நேரமாகும். கட்டிக்கொண்டவரை வாய்விட்டுத் திட்டினேன். டாக்டரிடமே தூக்கிப் போய்விடலாம் என்று செருப்பை மாட்டினேன்.

வாசலில் அவர் நின்றிருந்தார். யூனிபார்ம் முதுகோடு ஒட்டியிருந்தது. சிக்னலில் பஸ் நின்றபோது குதித்து ஓடி வந்திருக்கிறார். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"குடுக்கல" என்றார். "குடு."

எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு அவருக்கு ஆப்சென்ட் விழுந்தது.

சாயங்காலம் பிள்ளைக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. அவள் தூங்க, நாங்கள் இருவரும் டீயோடு உட்கார்ந்தோம். வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவரை வீட்டுக்குள் பார்ப்பதே எனக்குப் புதிதாக இருந்தது. எப்போதும் போகிற அவசரத்திலேயே பார்த்த முகம். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவரும் வாயைத் திறக்காமல் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"பால் பொங்கிச்சே, அப்புறம் இன்னா ஆச்சு?" என்றேன்.

"அது எதுக்கு இப்ப? சுருக்கமாச் சொன்னா, அவ தூங்கிட்டா, எழுப்ப மனசில்ல. அவ்வளவுதான்."

"வேணாம்" என்றேன். "முதல்ல இருந்து சொல்லுங்க."