நாற்பதாவது படம்

அலெக்ஸாண்டிரியாவின் அத்தாரீன் பகுதியில் கல்யாண கவுன் தைப்பவர் வகீஹ். வெட்டுமேசைக்குக் கீழே பிஸ்கட் டப்பாக்களில் அவருடைய சொத்து இருந்தது: சுருள் அழிந்துபோன ஊமைப்படங்களின் ஸ்டில்கள். பெயர் தெரியாத ஸ்டில்லைக்கூட, காலர் வெட்டையும் பித்தானையும் வைத்தே இன்ன படத்தினுடையது என்று சொல்லிவிடுவார்.

அவற்றில் ஒரு கட்டை மட்டும் அவர் யாரையும் தொடவிட்டதில்லை. ஒரே படத்தினுடைய, மூலையில் எண் கீறிய முப்பத்தொன்பது ஸ்டில்கள். நாற்பதாவது, கடைசிக் கல்யாணக் காட்சி, கிடைக்கவில்லை. படத்தை இயக்கிய ரம்ஸியே அந்தக் காட்சியில் மாப்பிள்ளையாக வருகிறார் என்றது பழைய நோட்டீஸ். ரம்ஸியின் முகம் வேறெங்கும் இல்லை.

"இருபது வருஷமா எவன் மூஞ்சியையோ தேடுறீங்க. எம்மூஞ்சிய நிமிர்ந்து பாக்கிறீங்களா?" என்பாள் மனைவி சனிய்யா.

"உன் மூஞ்சி தொலையலையே."

ஒருநாள் இன்ஷிராஹ் ஹானிம் என்ற பெரிய வீட்டு அம்மாள் சட்டம் போட்ட படத்தோடு வந்தார். "எங்கம்மா கல்யாணப் படம், உஸ்தா. எம்பொண்ணுக்கு அச்சு அசலா இதே கவுன் வேணும்."

வகீஹ் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முப்பத்தொன்பது ஸ்டில்களில் பார்த்துப் பழகிய கதாநாயகியின் முகம். வேறு யாருக்கோ தைத்த கவுன்; இடுப்பில் தொளதொளவென்று இருந்ததால் ஊக்கு போட்டு இழுத்திருந்தார்கள். மூலையில் 40. தோள்மேல் ஓர் ஆணின் கை; ஆள் தெரியாதபடி படத்தைப் பின்பக்கமாக மடித்திருந்தது.

"மடிச்சிருக்கே ஹானிம், பிரிச்சுப் பாக்கலாமா?"

"வேண்டாம். அப்பா கையால மடிச்சது."

ஒரு வாரம் படம் கடையில் இருந்தது. பின்பலகையை நாலே ஆணிகள்தான் பிடித்திருந்தன.

"குறடு பெட்டியிலதான் இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் சனிய்யா.

"எனக்குத் தெரியுமே."

கவுனை வாங்க வந்த ஹானிம் அதன் இடுப்பைத் தடவினார். "ஊக்கு போட்ட சுருக்கத்தக்கூட விடலையே!"

"அச்சு அசலான்னு சொன்னீங்க."

ஹானிம் சட்டத்தைத் திருப்பினார். ஆணிகளில் துரு கலையாமல் இருந்தது. "இது கல்யாணப் படமில்லைன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

வகீஹ் தலையசைத்தார்.

"அவங்க கல்யாணத்துல படமே எடுக்கல, உஸ்தா. அப்பாதான் இதைச் சுவர்ல மாட்டினாரு. பக்கத்துல வேற ஆம்பளை நிக்கிறதை மட்டும் பொறுக்கல, மடிச்சுட்டாரு." சிரித்தார். "குறடு குடுங்க. நகல் எடுத்துட்டு, பழையபடி மடிச்சே குடுத்துருங்க."

மடிப்பு விரிந்தது. முப்பதுகூட ஆகாத ஒல்லிப் பையன். ஒட்டுமீசையின் ஒரு முனை பிய்ந்து தொங்கியது.

"இந்த மூஞ்சிக்கா இருபது வருஷம்?" என்றாள் சனிய்யா.

வகீஹ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தருகே குனிந்தார்.

"காலர் ரெண்டு அளவு பெருசு," என்றார் மெதுவாக. "பாவம், கோட்டும் இரவல்."