சலூன் நாற்காலியில் திரண்ட கூட்டம்

அந்தத் தெருவில் போராட்டம் என்று ஒன்று நடந்ததென்றால் அது சலூன்காரரின் நாற்காலியில்தான் நடந்தது. பழைய கட்டடங்களை வளைத்துப் போட்டு, இடித்து, பணக்காரர்களுக்கு அடுக்குமாடி கட்டும் கம்பெனி ஒன்று தெருவுக்குள் கால் வைத்திருந்தது. சலூன் இருந்த கட்டடத்தையும் வாங்கியாகிவிட்டது. இடம் போனால் மனிதருக்குப் பிழைப்பே போச்சு. வேறு தெருவில் கடை போட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஆகவே வந்தவர்களிடமெல்லாம் ஆதரவு கேட்டார். முகத்தில் நுரை தடவி, தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டைக்குழியில் கத்தியை வைத்த பிறகு கேட்பார்.

"ஞாயித்துக்கிழமை கடை வாசல்ல உக்காரப் போறோம். வந்துருவீங்கல்ல?"

"ம்."

ரிட்டயரான பேங்க் சார், மளிகைக்கடைக்காரர், மாடிவீட்டு வக்கீல் என்று ஒருவர் பாக்கியில்லாமல் 'ம்' கொட்டினார்கள். தலையை ஆட்டத்தான் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

"தெருவே நம்ம பக்கம்!" என்று வீட்டில் வந்து மார்தட்டினார்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி, "கழுத்துல கத்தி இருக்கறப்ப எவன் மாட்டேம்பான்? துண்டை உதறினப்புறம் கேட்டுப் பாத்தீங்களா?" என்றாள்.

"நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?"

ஞாயிற்றுக்கிழமை வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். இரண்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். மற்றவற்றில் வெயில் உட்கார்ந்தது. கூட்டமெல்லாம் எதிரே, கம்பெனி புதிதாகத் திறந்திருந்த காபிக்கடையில் இருந்தது. பேங்க் சார் கோப்பையைத் தூக்கிக் கையசைத்தார். வக்கீல் போனில் படம் பிடித்தார்.

"வளர்ச்சிக்குக் குறுக்க நின்னா எப்படி? நம்ம வீட்டுக்கும் விலை ஏறுதுல்ல" என்று மளிகைக்காரர் சொன்னது தெருவைத் தாண்டி வந்து காதில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் வக்கீல் எடுத்த படம், 'எளியவரின் வீரப்போர்' என்ற தலைப்போடு எல்லோர் போனிலும் சுற்றியது. சலூன்காரருக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. மறுவாரம் கம்பெனி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்றுதான் ஆதரவாளர்கள் உண்மையிலேயே திரண்டார்கள், இழவு வீட்டுக்கு வந்த முகத்தோடு. பேங்க் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம தெருவோட அடையாளமே போச்சே! நீங்க இன்னும் கொஞ்சம் உறுதியா நின்னுருக்கணும்ங்க."

கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்த சலூன்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க சார் நின்னுருக்கணும்? காபிக்கடையில, உங்க பக்கத்துலயா?"