எங்கள் இருவர் ரத்தத்திலும் இல்லாதது

கழிவறையிலிருந்து வெளியே வந்த அண்ணன் என்னை மட்டும் பின்கட்டுக்குக் கூப்பிட்டான். சில நாட்களாக அவனுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தன. மழைக்காலம். புனேவின் கட்கிப் பகுதியில் எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"டேய் ரவி, யூரின் கோரா சாய் மாதிரி போவுதுடா. உங்க அண்ணிகிட்ட சொல்லாத. பயந்துடுவா."

கோரா சாய் என்றால் பால் விடாத தேநீர். புனேவில் பிறந்து வளர்ந்த எங்கள் வாயில் அப்படித்தான் வரும். "தண்ணி குடிக்கல இல்ல, அதான்ணா" என்றேன். அவனும் தலையாட்டினான். உடல் வறண்டால் சிறுநீரின் நிறம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் யாராவது காய்ச்சலில் படுத்திருக்கலாம். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வறட்சியில் சிறுநீர் அடர்மஞ்சளாகும். தேநீர் நிறத்துக்குப் போனால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் தாத்தா திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அப்பாவும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார், இப்போது இல்லை. அண்ணன் சேகருக்கும் அங்கேதான் வேலை. நான் பக்கத்து ஔந்த் பகுதி அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன், கல்யாணம் ஆகாதவன். அம்மா, அண்ணன், அண்ணி வசந்தி, கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள் ஜோதி, நான் என்று ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். இந்தக் கட்டுரையைத் திருத்தித் தந்தது வாணியம்பாடியில் தமிழில் படித்த அண்ணி.

பின்கட்டில் பேசிய மறுநாள் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் இன்ஃபுளுயன்சா (மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ் காய்ச்சல்) என்றார்கள். இரண்டு நுரையீரல்களிலும் நிமோனியா (நுரையீரல் அழற்சி) பரவியிருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். வைத்தும் அவனுக்கு மூச்சு போதவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிக்கொண்டே வந்தது. முகம் சுண்ணாம்பு போல வெளுத்தது. ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள்) மளமளவென்று இறங்குவதாகச் சொல்லி ரத்தம் ஏற்றினார்கள்.

கடைசியில்தான் நரைத்த முடியோடு ஒரு பெண் மருத்துவர் வந்தார். ரத்தவியல் நிபுணர். அண்ணனின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கட்டிலோரம் தொங்கிய, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெளியே வந்து என்னிடம் இந்தியில் பேசினார்.

"சிவப்பணுக்கள் உடைகின்றன. ஜி6பிடி என்று ஒரு நொதி இருக்கிறது. அது உங்கள் அண்ணனுக்குக் குறைவாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன்."

நொதி என்றால் உடலுக்குள் வேலைகளை நடத்தும் புரதம் என்று விளக்கினார். வைரஸோடு உடல் போராடும்போது அரிக்கும் தன்மையுள்ள பொருட்கள் ரத்தத்தில் பெருகுமாம். அதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் (இரும்பைத் துரு தின்பதுபோல அணுக்கள் அரிபடுவது) என்று பெயர். அந்த அரிப்பைத் தாங்கும் காப்பைச் சிவப்பணுவுக்குத் தருவது இந்த நொதி. அது போதாதவர்களுக்குக் காய்ச்சலே அணுக்களை உடைத்துவிடலாம். சில மாத்திரைகளும் உடைக்கும்.

"நுரையீரல் வீங்கிக் கிடக்கிறது. உள்ளே போகிற கொஞ்சம் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போகவும் அணுக்கள் இல்லை. இரண்டு பக்கமும் அடி விழுகிறது" என்றார்.

சோதனை முடிவு வந்தது. நொதி சரியான அளவில் இருப்பதாக அதில் இருந்தது. மருத்துவர் அதை நம்பவில்லை. "இப்போது அவர் உடம்பில் ஓடுவது பிறர் கொடுத்த ரத்தம். அவருடைய பழைய அணுக்கள் உடைந்துவிட்டன. இந்த நேரத்தில் எடுத்த சோதனை சரியாகச் சொல்லாது" என்றார். பிறகு தயங்கி, "கூடப்பிறந்த ஆண்கள் இருந்தால் பிறகு சோதித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். அதைச் சொல்ல அப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலை அண்ணனின் சிறுநீரகங்கள் நின்றன. அடுத்த நாள் அவன் போய்விட்டான்.

அவனுக்குக் கொள்ளி வைத்த கையோடு எனக்கும் காய்ச்சல் வந்தது. அழுது அலைந்த அசதி என்று நினைத்துக்கொண்டு சொல்லாமல் படுத்திருந்தேன். கஞ்சி கொண்டுவந்த அண்ணி என் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஜன்னல் பக்கம் என் தலையைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள்.

"தம்பி, யூரின் என்னா கலர்ல போவுது?"

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அம்மா வாசலில் மறித்தாள்.

"இன்னும் காரியம் முடியல, வசந்தி. இப்ப நீ வெளியே போனா நாலு பேர் என்னா பேசுவாங்க? ஜோதி இட்டுனு போவட்டும்."

"பேசட்டும் அத்த. அவர் கண்ணு எப்படி இருந்துச்சின்னு நான்தான் பார்த்தேன். எனக்குத்தான் சொல்லத் தெரியும்."

கல்யாணமாகி வந்து இத்தனை ஆண்டுகளில் அண்ணிக்கு இந்தி படியவில்லை. காய்கறிக்காரரிடம்கூட ஜோதிதான் பேசுவாள். அன்று ரிக்ஷா பிடித்தது அண்ணியேதான். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் நாடியைப் பார்த்துவிட்டு, வறட்சிதான், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும் என்றார். அண்ணி நகரவில்லை. உடைந்த இந்தியில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள்.

"என் புருஷன். இங்கேதான். போன வாரம். செத்துட்டார். இவர் தம்பி. அதே கண்ணு. அதே யூரின். வெள்ளை முடி டாக்டர். கூப்பிடுங்க."

அவள் நெற்றியில் பொட்டு இல்லை. அந்த இளைஞர் அதைக் கவனித்தாரோ என்னவோ, உடனே போனை எடுத்தார்.

அண்ணன் கிடந்த வார்டிலேயே என்னைச் சேர்த்தார்கள். அவன் கட்டிலில் யாரோ ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் காரணமில்லாத கோபம் வந்தது. எனக்கும் அதே வைரஸ், அதே உடைவு. ஆனால் இந்த முறை எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த மருந்துகளைத் தரக் கூடாது என்று என் கட்டிலின் தலைமாட்டில் எழுதி ஒட்டினார்கள். வைரஸுக்கான மருந்தை உடனே தொடங்கினார்கள். விடாமல் ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவு சரியத் தொடங்கியதுமே ஏற்றினார்கள்.

நரைத்த முடி மருத்துவர் என் அம்மாவை அழைத்துக் கேட்டார். "பிள்ளைகள் பிறந்தபோது மஞ்சள் காமாலை இருந்ததா?"

"ரெண்டு பேருக்கும் இருந்துச்சி. வெயில்ல காட்டச் சொன்னாங்க, காட்டினேன். சரியாப் போச்சி" என்றாள் அம்மா. நான் அதை இந்தியில் சொன்னேன்.

இது தாய் வழியாக மகன்களுக்கு வருவது என்று மருத்துவர் சொன்னதையும் நானே அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

"அப்போ நான்தான் குடுத்தனா அவனுக்கு?"

மருத்துவருக்கு மொழி புரியவில்லை என்றாலும் கேள்வி புரிந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மூக்கும் முகமும் கொடுத்தீர்களே, அப்படித்தான் இதுவும். இந்தக் குறை உள்ளவர்களில் பெரும்பாலோர் தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்" என்றார். இதை நான் மொழிபெயர்த்தேன். அம்மா கேட்டுக்கொண்டாள். அவள் சமாதானமாகவில்லை. இன்றுவரை ஆகவில்லை.

நான் பிழைத்தேன். அண்ணனின் உடம்பில் தெரிந்துகொண்டதை வைத்து என்னைக் காப்பாற்றினார்கள். முறை மாறி எனக்கு முதலில் காய்ச்சல் வந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருப்பவன் அவன். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் சாப்பாடு பரிமாறும்போது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நிமிர்ந்தால் பார்வையை மாற்றிக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி துணி அலமாரியிலிருந்த பாச்சை உருண்டைகளை எல்லாம் பொறுக்கி வெளியே எறிந்தாள். அந்த வாசனையும் எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது. தவிர்க்க வேண்டிய மருந்துகளின் அட்டை ஒன்று என் பர்ஸில் இருக்கிறது. உங்களுக்கும் இந்தக் குறை இருந்தால் சளி, பல்வலி என்று மருத்துவரிடம் போனாலும் அப்படி ஓர் அட்டையை நீட்டுங்கள். கூச்சப்படாதீர்கள்.

எனக்கு நொதிச் சோதனையை உடனே செய்யவில்லை. ஏற்றிய ரத்தம் என்னைவிட்டுப் போய், என்னுடையது முழுதாக ஊறிய பிறகு வரச் சொன்னார் மருத்துவர். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய நான்கு மாதமாம். எங்களுக்கு இன்னும் குறைவாம். குளிர்காலத்தில் போனோம். நொதி மிகவும் குறைவு என்று உறுதியானது. தந்தைக்கு இருந்தால் மகளுக்கு அது கட்டாயம் போகும் என்றார் மருத்துவர். பெண்களுக்குப் பெரும்பாலும் தொல்லை இருக்காது, ஆனாலும் பார்த்துவிடலாம் என்று ஜோதிக்கும் எடுத்தார்கள். அவளிடமும் குறைவு இருந்தது. அண்ணன் உயிரோடு இருந்தபோது அவன் சோதனை காட்டாததை அவன் மகளின் ரத்தம் காட்டியது.

ஜோதி பயந்து அழுதாள். அண்ணி அவளை அணைத்துக்கொண்டு, "அழாதடி. அவர் உனக்குள்ள விட்டுட்டுப் போனது. பத்திரமா வெச்சிப்போம்" என்றாள்.

மறுபடி வேலைக்குப் போகிறேன். லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில் படியேறித்தான் போக வேண்டும். முன்பெல்லாம் பாட்டு முணுமுணுத்தபடி உச்சி மாடிவரை ஓடுவேன். இப்போது நடுவில் சுவரைப் பிடித்து நிற்கிறேன். நெஞ்சுக்குள் காற்று போவதும் வருவதும் கேட்கிறது. அதுபாட்டுக்கு நடப்பதாக இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

மாதங்களை நான் எண்ணும் விதமும் மாறிவிட்டது. அண்ணனும் நானும் ஒரே வீட்டில் மூச்சுவிட்ட நாட்களில் எனக்குள் ஓடிய சிவப்பணுக்களில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. இந்த ரத்தம் முழுவதும் அவன் போன பிறகு ஊறியது. இதற்கு அவனைத் தெரியாது.