உள்ளான் வராத இரண்டு வருஷம்

நான் எழுத்தில் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை இரண்டு வருஷம் விடாமல் எழுதினேன். எங்கள் தீவின் வடக்குக் கரையில் இன்று மரப்பாலமும் கோபுரமும் கட்டி, பறவைகளைக் காட்டப் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டி வருகிறார்களே, அந்தச் சதுப்பில்தான் அது நடந்தது. அப்போது அங்கே இருந்தது ஒரு சீன முதலாளியின் இறால் குளம். தவுக்கே என்போம் அவரை.

ஜப்பான்காரன் வருமுன் நாங்கள் பட்டணத்தில், தேக்கா பக்கம் ஓர் அறையில் குடியிருந்தோம். அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் எழுத்து வேலை பார்த்த கிராணி. துரைக்குப் பறவைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சதுப்பில் நின்று பார்த்துச் சொல்ல, அப்பா நோட்டில் எழுதுவார். சண்டை வந்து துரையைச் சிறையில் அடைத்தார்கள். அப்பா அதோடு விட்டிருக்கலாம். துரை உள்ளே போனது குருவிகளுக்குத் தெரியுமா, அவை பாட்டுக்கு வரும், யாராவது எழுத வேண்டாமா என்பது அவர் கட்சி. பட்டணத்தில் அரிசிக்குத் திண்டாட்டம் வந்ததும், இறால் குளத்தில் காவலிருந்த மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம், நாங்கள் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு கிடைத்தது, அப்பாவுக்கு உள்ளான் கிடைத்தது.

உள்ளான், சேற்றில் குடுகுடுவென்று ஓடிக் கொத்தித் தின்னும் சின்னப் பறவை. ஆவணியில் வடக்கேயிருந்து வரும், சித்திரைக்குள் திரும்பிவிடும். மழைக்காற்றோடு தட்டான் பூச்சிகளும் வரும். அப்பா எண்ணிச் சொல்ல, நான் எழுதினேன். என் கையெழுத்து அவருடையதைவிட நன்றாக இருக்கும். ஒன்றும் வராத நாளுக்கும் இடத்தை வெறுமையாக விடக்கூடாது, பூஜ்யம், அதாவது முட்டை, போட வேண்டும் என்பது நோட்டின் சட்டம்.

மாமாவுக்கு இதெல்லாம் ஆகாது. உள்ளான்கள் இறால் குஞ்சுகளைத் தின்றுவிடும் என்று மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி விரட்டுவார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் இருங்க. எண்ணி முடிச்சிடுறேன்."

"நீங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள தவுக்கே இறாலே முடிஞ்சிரும் லா, அத்தான்!"

ஒரு சித்திரை மாதம், கடைசி உள்ளானும் போன பிறகு, சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். கூலிகளோடு ஒரு கிராணியும் வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லக்கூடிய காலமா அது? லாரியில் ஏறுமுன் அப்பா நோட்டை என் கையில் கொடுத்தார்.

"மூணு மாசம்தானாம். உள்ளான் திரும்பி வர்றதுக்குள்ள வந்துருவேன். நீ விடாம எழுதிக்கிட்டு இரு."

எனக்கு ஒன்பது வயது. முதலில் அப்பா, பிறகு உள்ளான் என்று மனதில் வாங்கிக்கொண்டேன். ஆனி போயிற்று, ஆடி போயிற்று. ஆவணியில் ஒரு காலை, நீர் வற்றிய சேற்றில் ஒற்றை உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. மாமாவின் தகரத்தை எடுத்து ஓங்கித் தட்டினேன். அது எழும்பி எதிர்க்கரையில் உட்கார்ந்தது. அங்கேயும் ஓடினேன். கண்ணுக்கு எட்டாமல் போன பிறகு வந்து நோட்டைத் திறந்து முட்டை போட்டேன். தட்டான்களை வைத்து அப்பா எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆகவே அவற்றை மட்டும் நேர்மையாக எழுதினேன்.

மறுநாள் ஆறு வந்தன. பிறகு அறுபது, பிறகு எண்ண முடியாத கூட்டம். காலையிலிருந்து தட்டித் தட்டி என் உள்ளங்கை தோலுரிந்தது. "அப்பனுக்கு இல்லாத பொறுப்பு மகளுக்கு இருக்கு" என்று மாமா எனக்கு ஒரு கைப்பிடி இறால் வறுத்துக் கொடுத்தார். சாயங்காலம் அம்மா கேட்பாள்:

"இன்னைக்கு என்ன எழுதினே?"

"உள்ளான் ஒண்ணுகூட வரலம்மா."

"சரி. அப்போ இன்னும் நாளிருக்கு."

அம்மா மரவள்ளி நட்டிருந்ததே அந்தக் குளக்கரையில்தான். அவளுக்குக் கண்ணும் நன்றாகவே தெரியும். நான் பொய்யை நன்றாகச் சொல்கிறேன் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷமும் அவள் அதையே கேட்டாள், நானும் அதையே சொன்னேன்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன சில வாரங்களில், நான் தகரம் தட்டிக்கொண்டிருந்தபோது, கம்பு ஊன்றிக்கொண்டு ஒருவர் கரைமேல் நடந்து வந்தார். உடம்பில் எலும்புதான் மிச்சம். ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா இல்லை. அப்பாவோடு சயாமில் இருந்தவர். அம்மா முன்னால் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போன வருஷக் கடைசியில காய்ச்சல் வந்துச்சு அண்ணி. பத்து நாள்கூடத் தாங்கல. மழை விட்டா ஆத்து மேல பறவைங்க கூட்டம் கூட்டமா தெக்கே போகும். அண்ணன் வேலையைப் போட்டுட்டு நின்னுருவாரு. நம்ம ஊருக்குத்தான் போகுது, என் மக எழுதிடுவான்னு சொல்லுவாரு. எந்திரிக்க முடியாமக் கிடந்தப்பவும், இன்னைக்கு எத்தனை போச்சுன்னு கேப்பாரு. நாங்க எண்ணிச் சொல்லுவோம்."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவர் என் பக்கம் திரும்பி, "பாப்பா, அந்த நோட்டைக் காட்டேன்" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாம் முட்டை. வெளியே, தகரச் சத்தம் நின்றுவிட்டதால், உள்ளான்கள் சேறு தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு நோட்டை மூடி என் மடியில் வைத்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்.

பிறகு நான் நாள்கணக்கில் அழுதேன். ஆனால் அழுகைக்கு முன்னால் வந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு நிம்மதி. நல்லவேளை, அப்பா இந்த நோட்டைப் பார்க்கமாட்டார் என்ற நிம்மதி. அந்த இரண்டு வருஷத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வரவில்லை, ஒரு வாய்வார்த்தை வரவில்லை. அவர் இருந்த பக்கத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தவை அந்த உள்ளான்கள் மட்டும்தான். அவர் அண்ணாந்து பார்த்து, எனக்கென்று அனுப்பிவைத்தவை. அவற்றைத்தான் கை தோலுரிய விரட்டியிருக்கிறேன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.