கண்ணாடிப் பட்டையைப் போட்டது யார்?

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷெட், ஆம்பூரில் ஷூ கம்பெனி, பள்ளிகொண்டாவில் கல்யாண மண்டபம், எல்லாம் அஞ்சாம் வகுப்பு தாண்டாத நான் கட்டியவை. கோழி அடைந்து கிடந்த ஒரு பழைய திறந்த காரையும் வாங்கிப் புதுசாக்கினேன். அந்த வேலைக்கு வந்தவன்தான் சென்னை மெக்கானிக். கறை படாத வெள்ளைச் சட்டை, மெல்லிய மீசை. யார் கிட்டே போனாலும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வான். தொழிலைத் திருடிவிடுவோமாம்!

முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பரில் குரோம் பட்டையைப் பதிக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து அழுத்திக்கொண்டே போனான், மறு ஓரம் தூக்கிக்கொண்டது. உடனே சுத்தியலை எடுத்தான். அந்தக் கண்ணாடி உடைந்தால் வேறு கிடைக்காது.

“நிறுத்துய்யா! நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போ. ஷூ அச்சு மேல தோல இழுத்து மாட்டறது அப்டித்தான்.”

“இது இன்னா செருப்பா மொதலாளி? ஓரமா போய் குந்துங்க.”

“என் வண்டிடா இது. நீ போய் குந்து!”

பட்டையைப் பிடுங்கி நடுவில் வைத்து அழுத்தினேன். ஒரு பாதி உட்கார்ந்தது, மறுபாதி எனக்கு எட்டவில்லை. அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எதிரே வந்து அதை அழுத்தினான். கச்சிதமாக உட்கார்ந்தது. அவ்வளவு பேசியவன் ஏன் வந்தான் என்று இன்றுவரை புரியவில்லை.

வேலூரில் பழைய கார் கண்காட்சியில் பரிசும் வாங்கியது வண்டி. வண்டி முன்னால் வைத்த பலகையில் வேலை செய்தவர் என்று அவன் பேர், உரிமையாளர் என்று என் பேர். காசு இருந்தால் எவனும் உரிமையாளர் ஆகலாம். வேலை செய்தவர் வரிசையில் என் பேரையும் எழுதச் சொல்லுங்கள் அந்தக் கண்காட்சிக்காரர்களை.